'ப்ளே செகண்ட் ஃபிடில்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் 'டு ப்ளே செகண்ட் ஃபிடில்' என்று ஒரு மரபுத்தொடர் இருக்கிறது. இரண்டாவது பிடில் வாசிப்பது என்பது நேர்ப்பொருள். கிரிக்கெட் வர்ணனை, அரசியல் கட்டுரை, அலுவலகப் பேச்சு என்று எல்லா இடத்திலும் காதில் விழும். ஆங்கிலம் கற்கிறவர்கள் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொருளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை, உண்மையிலேயே இரண்டாவது வயலின் வாசிக்கிறவர்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டேன். காரணம், இந்தத் தொடர் அவர்களுக்கு அநியாயம் செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சுருக்கமாக, இதற்கு என்ன பொருள்?

இன்னொருவருக்கு அடுத்தபடியாக, அவரைவிட முக்கியத்துவம் குறைந்த இடத்தில் இருப்பது. அவர் முன்னால் நிற்பார், பேர் அவருக்குப் போகும், நீங்கள் கூடவே இருந்து வேலை செய்வீர்கள்.

நமக்குப் பழகிய உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

ராகுல் திராவிட். 1999 உலகக் கோப்பையில் டாண்டனில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183 அடித்தார், திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318 ஓட்டங்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹைதராபாதில் நியூசிலாந்துக்கு எதிராக டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 186, திராவிட் 153, கூட்டாக 331. அப்புறம் 2001 மார்ச், கொல்கத்தா: ஃபாலோ ஆன் வாங்கிய இந்திய அணிக்காக லட்சுமணன் 281, திராவிட் 180, அந்த ஒரே ஜோடி 376 ஓட்டங்கள் சேர்த்தது. தொடர்ந்து 16 டெஸ்ட் வென்று வந்த ஆஸ்திரேலியாவை இந்தியா அங்கே 171 ஓட்டங்களில் தோற்கடித்தது. மூன்று ஆட்டத்தையும் ஜனங்கள் கங்குலி ஆட்டம், டெண்டுல்கர் ஆட்டம், லட்சுமணன் ஆட்டம் என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் திராவிட் 'ப்ளேய்ட் செகண்ட் ஃபிடில்' என்று எழுதிவிடலாம், இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் 145, 153, 180 என்ற எண்களைக் கொஞ்சம் பாருங்கள். அந்த 1999 உலகக் கோப்பையில் எல்லா அணிகளையும் சேர்த்து அதிக ஓட்டம் எடுத்தவரே திராவிட்தான், 461. ஆக இந்தத் தொடர் ஒருவருடைய திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம் யார் மேல் விழுந்தது என்பதைத்தான் சொல்கிறது. எங்கே பயன்படுத்தினாலும் இது நினைவில் இருக்கட்டும்.

இது எங்கிருந்து வந்தது?

மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்து. ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவில் இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), ஒரு செல்லோ (உட்கார்ந்து நிறுத்தி வாசிக்கும் இன்னும் பெரிய வாத்தியம்). இரண்டு வயலின்காரர்களுக்கும் ஒரே இசை கிடையாது, தனித்தனியாக எழுதித் தருவார்கள். மெட்டு பெரும்பாலும் முதல் வயலினுக்குப் போகும். ஆர்கெஸ்ட்ராவிலும் அதே பிரிவுதான், ஆட்கள்தான் அதிகம், பெரிய குழு என்றால் முதல் வயலின் பிரிவில் 16 பேர், இரண்டாவதில் 14 பேர் என்பது வழக்கமான கணக்கு. மொத்தக் குழுவுக்கும் தலைமை வாத்தியக்காரரான கான்சர்ட் மாஸ்டர் முதல் வயலின் பிரிவிலிருந்துதான் வருவார். மேடையில் பார்க்கிறவர்களுக்கு இந்த வரிசை நன்றாகவே தெரியும், அதனால் பேச்சிலும் ஏறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இது மரபுத்தொடராகப் புழங்கியது. ஜெர்மனியிலும் இதே மாதிரிச் சொல்வார்கள். அங்கே முதல் வயலின் வாசிக்கிறவர் என்றால் அதிகாரம் செலுத்துகிறவர்.

ஃபிடில் வேறு, வயலின் வேறா?

ஒன்றுதான். ஃபிடில் என்பது பேச்சுவழக்குப் பெயர், நாட்டுப்புற இசைக்காரர்கள் அதிகம் சொல்வது. நம் கச்சேரி உலகத்திலும் 'பிடில் வித்வான்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்ற பழமொழியிலும் இதே சொல்தான். ஆனால் ரோம் எரிந்தது கி.பி. 64இல், வயலின் உருவானது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில். அதனால் அந்தக் கதையில் பிடில் இருந்திருக்கவே முடியாது.

இரண்டாவது வயலின் என்பது சின்ன சைஸ் வயலினா? வேறு சுருதியா?

இல்லை. அதே வாத்தியம், அதே நான்கு தந்தி, அதே சுருதி. மாறுவது முன்னால் இருக்கும் இசைத்தாள் மட்டுமே.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

'ப்ளே செகண்ட் ஃபிடில் டு' என்று சொல்லி, பிறகு யாருக்கு அடுத்த இடமோ அவர் பெயர். நம் ஆட்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, நடுவில் 'எ' அல்லது 'த' போட்டுவிடுவது. போடக்கூடாது, 'ப்ளே த செகண்ட் ஃபிடில்' என்றால் காதுக்கு உறுத்தும். இன்னொன்று, 'டு' வரவேண்டிய இடத்தில் 'ஃபார்' போடுவது, தமிழில் 'அவருக்கு' என்று யோசித்து எழுதும்போது இது நடக்கும். 'ஷி இஸ் டயர்ட் ஆஃப் ப்ளேயிங் செகண்ட் ஃபிடில் டு ஹெர் பிரதர்' என்பது சரியான வாக்கியம். தம்பிக்கோ அண்ணனுக்கோ அடுத்த இடத்திலேயே இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது என்று பொருள். கடந்த காலத்துக்கு 'ப்ளேய்ட்' என்று மாற்றினால் போதும்.

மனிதர்களுக்கு மட்டும் இல்லை, விஷயங்களுக்கும் வரும். ஒரு நகரத்தில் பேருந்தைவிட காருக்கே சாலை ஒதுக்கப்படுகிறது என்றால், அங்கே பேருந்து காருக்கு செகண்ட் ஃபிடில் வாசிக்கிறது என்று எழுதலாம். கட்டுரைகளில் இந்தப் பயன்பாடு நிறைய வரும், யாரையும் புண்படுத்தாது என்பதால் எனக்குப் பிடித்ததும் இதுதான்.

'செகண்ட் வயலின்' என்று மாற்றிச் சொன்னால் தொடர் உடைந்துவிடும். அப்போது உண்மையான வாத்தியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார்.

இதை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லலாமா?

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரிடம் அவரைப் பற்றியே சொல்வது என்றால் நூறு தடவை யோசியுங்கள். அலுவலகத்தில் ஒரு சக ஊழியரிடம் 'நீங்கள் அவருக்கு செகண்ட் ஃபிடில்தானே' என்றால் அது குத்தல், நீங்கள் சும்மா சொல்லியிருந்தாலும் அவருக்கு வலிக்கும். வேலைக்கான நேர்காணலில் உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டாம், பழைய மேலாளர்மேல் மனக்குறை இருக்கிறது என்று கேட்கிறவர் முடிவு செய்துவிடுவார். அங்கே 'டீமுக்குத் துணையாக இருந்தேன்' என்பதை நேரடியாகச் சொன்னாலே நல்லது.

ஜால்ரா போடுவது, ஒத்து ஊதுவது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம்மிடம் அதிகம் பார்க்கிற தப்பு இது. ஜால்ரா என்றால் முகஸ்துதி. ஒத்து ஊதுவது, பின்பாட்டுப் பாடுவது என்றால் சொந்தக் கருத்தே இல்லாமல் அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவது. செகண்ட் ஃபிடிலில் அந்த இழிவு இல்லை. இரண்டாவது இடத்தில் இருக்கிறவர் முதல் ஆளோடு தினமும் சண்டை போடுகிறவராகக்கூட இருக்கலாம். இடம் இரண்டாவது, அவ்வளவுதான்.

பக்கவாத்தியம் என்பது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கர்நாடகக் கச்சேரியில் வயலினே பாடகருக்குத் துணையாக வருவதால், இந்தத் தொடர் நம் கச்சேரி வயலினைச் சொல்கிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத் தொடரில் இருப்பது ஒரே வாத்தியத்தை வாசிக்கும் இரண்டு பேர். ஒரே தகுதி, ஒரே கருவி, ஆனால் ஒருவருக்கு முதல் இடம். மனக்குறை வருவதே அந்தச் சமத்துவத்தால்தான். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் 'அவருக்கு அடுத்த இடம்தான்', 'இரண்டாம்பட்சம்' என்று இடத்துக்குத் தக்கபடி எழுதிவிடுவேன்.

'பேக் சீட்', 'செகண்ட் ஸ்ட்ரிங்', 'செகண்ட் பனானா' எல்லாம் இதேதானா?

உறவுக்காரர்கள்தான், ஆனால் ஆளுக்கு ஒரு குணம். 'டேக் எ பேக் சீட்' என்றால் பின்னிருக்கைக்குப் போய்விடுவது. பல நேரம் அது தானாக ஒதுங்குவது, பையனிடம் கடையைக் கொடுத்துவிட்டு அப்பா விலகி உட்காருகிற மாதிரி. செகண்ட் ஃபிடிலில் யாரும் ஒதுங்குவதில்லை, முழு வேலையும் உண்டு. 'செகண்ட் ஸ்ட்ரிங்' என்பதை வயலின் தந்தி என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது வில்வித்தையிலிருந்து வந்தது, நாண் அறுந்தால் மாட்டுவதற்கு வைத்திருக்கும் இன்னொரு நாண். அதனால் விளையாட்டில் அது மாற்று ஆட்டக்காரரைக் குறிக்கும். 'செகண்ட் பனானா' அமெரிக்க நகைச்சுவை மேடையில் பிறந்தது, முதன்மை நகைச்சுவையாளருக்குத் துணையாக வருகிறவர்.

உழைப்பைத் திருடிக்கொண்டார்கள் என்றால் அதற்கும் இந்தத் தொடர் பொருந்துமா?

பொருந்தாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கதை தெரிந்திருக்கும். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவிய 'படம் 51' என்ற எக்ஸ்ரே படம் 1952 மே மாதம் அவருடைய ஆய்வில் எடுக்கப்பட்டது. 1953 தொடக்கத்தில் அவருக்குத் தெரியாமலே அது, கிரிக்கோடு சேர்ந்து அதே அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனுக்குக் காட்டப்பட்டது. ஃபிராங்க்ளின் 1958இல் இறந்துபோனார், 1962இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. இதை 'அவர் செகண்ட் ஃபிடில் வாசித்தார்' என்று எழுதுவது உண்மையை மறைப்பது. அவர் வாட்சன், கிரிக் குழுவிலேயே இல்லை. தன் உழைப்பு அங்கே பயன்படுகிறது என்று தெரியாத ஒருவரை இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று எப்படிச் சொல்வது?

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விஷயம் வேறு. இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே அவரும் தனியாக எட்டினார். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்ந்தே வாசிக்கப்பட்டன. அப்போது வாலஸ் மலாய்த் தீவுகளில் இருந்தார், அவரை யாரும் கேட்கக்கூட இல்லை, அது சரியில்லை என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் பின்னாளில் 1889இல் தான் எழுதிய புத்தகத்துக்கு வாலஸ் தானே வைத்த பெயர் 'டார்வினிசம்'. இங்கே தொடர் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த இடத்தை அவர் அறிந்து ஏற்றுக்கொண்டார்.

யாராவது பெருமையாக 'நான் செகண்ட் ஃபிடில்' என்று சொல்லியிருக்கிறார்களா?

ஃபிரெடரிக் ஏங்கெல்ஸ். மார்க்ஸ் இறந்த மறு ஆண்டு, 1884 அக்டோபரில், யோஹான் ஃபிலிப் பெக்கர் என்ற பழைய தோழருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: என் வாழ்நாள் முழுக்க எனக்குத் தகுந்த வேலையான இரண்டாவது வயலினைத்தான் வாசித்தேன், ஓரளவு நன்றாகவே வாசித்தேன் என்று நம்புகிறேன், மார்க்ஸ் போன்ற அற்புதமான முதல் வயலின் கிடைத்ததில் மகிழ்ச்சி, இப்போது திடீரென்று முதல் வயலினை நான் வாசிக்க வேண்டியிருக்கிறது, தவறுகள் வரத்தான் செய்யும் — கருத்து இதுதான்.

அவர் செய்த வேலையைப் பார்த்தால் இந்த வரிகளின் கனம் தெரியும். 1850 முதல் 1869 வரை மான்செஸ்டரில், தன் குடும்பம் பங்குதாரராக இருந்த பருத்தி நிறுவனத்தில், மனசுக்குப் பிடிக்காமலே வேலை பார்த்தார். லண்டனில் மார்க்ஸ் குடும்பம் அவர் அனுப்பிய பணத்தில்தான் பெரிதும் தாக்குப்பிடித்தது. 1883இல் மார்க்ஸ் போன பிறகு, அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை உட்கார்ந்து படித்து, ஒழுங்குபடுத்தி, 'மூலதனம்' இரண்டாம் தொகுதியை 1885இலும் மூன்றாம் தொகுதியை 1894இலும் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவரும் இறந்தார். அவருடைய அரசியலை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால் அந்த இரண்டு தொகுதிகள் இந்த இரண்டாவது வயலின்காரர் இல்லாமல் நம் கைக்கு வந்திருக்காது.

சரி, உண்மையிலேயே இரண்டாவது வயலின் வாசிப்பது சுலபமா?

இந்தத் தொடரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் வயலினில் உச்ச ஸ்தாயி ஓட்டங்கள் அதிகம், கூட்டத்துக்கு நேராகத் தெரியும் ஆபத்தும் அதிகம், அதை மறுக்கவில்லை. இரண்டாவது வயலினின் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. மெட்டுக்கு அடியில் ஓடும் துடிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர்தான், அதில் ஒரு இழை தளர்ந்தால் மேலே பாடுகிற முதல் வயலினும் தடுமாறும். ஒரு கணம் வியோலாவோடு சேர்ந்து நடுக்குரலாக இருக்க வேண்டும், அடுத்த கணம் முதல் வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டை, அவருடைய வில்லின் வேகத்திலேயே, அவரை மறைக்காமல் வாசிக்க வேண்டும், அதற்கடுத்த கணம் மெட்டு முழுவதும் தன் கைக்கே வந்துவிடும். யார் முக்கியம் என்பது ஒரு வரிக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும்போது அதை உடனுக்குடன் காதால் உணர்ந்து ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் சாதாரண வேலை இல்லை. இசையமைப்பாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஆர்கெஸ்ட்ராக்கள் இரண்டாவது வயலினுக்கு ஆள் எடுக்கும்போது, செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் 'பார்ட்டர்ட் பிரைட்' என்ற ஓபராவின் (இசை நாடகத்தின்) முன்னிசையை வாசிக்கச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. அதில் வேகமான அந்த ஓட்டத்தைத் தொடங்குவதே இரண்டாவது வயலின்கள்தான்.

நல்ல வாத்தியக்காரர் முதலில், சுமாரானவர் இரண்டாவதில் என்ற வழக்கம் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1784இல் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்தில் நான்கு இசையமைப்பாளர்கள் சேர்ந்து வாசித்த நால்வர் இசையை அயர்லாந்துப் பாடகர் மைக்கேல் கெல்லி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முதல் வயலின் ஹைடன். இரண்டாவது வயலின் டிட்டர்ஸ்டோர்ஃப். செல்லோ வான்ஹால். வியோலா மோட்சார்ட். டிட்டர்ஸ்டோர்ஃப் அந்தக் காலத்தில் வயலினில் பெரிய பெயர் எடுத்தவர், அவர் இரண்டாவதில் உட்கார்ந்திருக்கிறார். மோட்சார்ட்டோ வயலின் பக்கமே வரவில்லை.

இடம் மாற்றிக்கொள்வது உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் 2023 வரை வாசித்த எமர்சன் குவார்டெட்டில் யூஜீன் டிரக்கர், ஃபிலிப் செட்ஸர் இருவரும் முதல், இரண்டாவது இடங்களைத் தமக்குள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். பெரும்பாலான குழுக்கள் அப்படிச் செய்வதில்லை, ஒரே இடத்தில் இருபது முப்பது ஆண்டு உட்கார்ந்தால்தான் அந்த இடத்தின் காது வரும் என்று சொல்கிறவர்கள் அவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வயலினைக் காதால் அடையாளம் கண்டுகொள்ள எதைக் கேட்கலாம்?

பாக் எழுதிய, இரண்டு வயலின்களுக்கான டி மைனர் கான்செர்ட்டோவில் (தனி வாத்தியங்கள் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தொடங்குங்கள். மெதுவாகச் செல்லும் நடுப்பகுதியில் முதலில் பாடுவது இரண்டாவது வயலின், முதல் வயலின் பிறகு வந்து அதையே எடுத்துக்கொள்ளும். மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' முன்னிசையில் வேகம் பிடிக்கும் இடத்தையும் இரண்டாவது வயலின்கள் ஆரம்பித்து வைக்கின்றன. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபொனியின் முதல் நொடிகளில், எங்கிருந்தோ வருகிற மாதிரி ஒரு நடுக்கம் கேட்குமே, அதில் செல்லோக்களோடு இருப்பது இரண்டாவது வயலின்கள்.

அப்புறம் கண்டிப்பாக சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்ஃபொனி, 1893, கடைசிப் பகுதியின் தொடக்கம். அந்தச் சோக மெட்டு தெளிவாகக் கேட்கும், ஆனால் முதல் வயலின் தாளிலும் அது இல்லை, இரண்டாவது வயலின் தாளிலும் இல்லை. ஒரு சுரத்தை ஒருவர், அடுத்த சுரத்தை மற்றவர் என்று பிரித்து எழுதியிருக்கிறார், இரண்டும் சேர்ந்தால்தான் மெட்டு. பிற்பாடு அதே மெட்டு திரும்பி வரும்போது முழுவதையும் முதல் வயலினிடம் கொடுத்துவிடுகிறார், வித்தியாசத்தைக் கவனியுங்கள். இதைக் கேட்க ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வயலின் பிரிவுகளும் மேடையின் இடப்புறமும் வலப்புறமும் எதிரெதிராக உட்கார்ந்து வாசித்த பதிவாகத் தேடிப் பிடியுங்கள், 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த வழக்கம் அதுதான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பதிவில் இந்தப் பிரிவு ஒன்றாகக் குழைந்துவிடும், எதிரெதிர் என்றால் சுரங்கள் ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாண்டுவது நன்றாகக் கேட்கும்.